இருநூறு மில்லி

இருநூறு. கோட்டைத் தொட்டுவிட்டது. குனிந்து கண் மட்டத்துக்கு வைத்துப் பார்க்கிறேன், இருநூறுதான், இன்றைக்கு இருநூறு. நேற்றுவரை ஐம்பது. அளவுக் குவளையில் என் மனைவியின் பித்தம் நிற்கிறது. சுலோசனாவின் விலாவிலிருந்து வருகிற குழாயின் முனையில் ஒரு பை தொங்குகிறது, அதிலிருந்து காலையில் நானே இறக்கி, மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, இப்போது வெள்ளைத் துணியில் வடிகட்டியது. பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தில் பத்தே முக்கால். வேலையில் இருந்தபோது கால் மணி நேரத்தில் நாற்பது கிண்ணம் தேநீரை உறிஞ்சிப் பார்த்து நாற்பதுக்கும் தீர்ப்புச் சொன்னவன் நான், குன்னூரில் டேஸ்டர் திருமூர்த்தி என்றால் ஃபேக்டரிக்காரர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள், ஆனால் இன்றைக்குக் கை இந்தக் குவளையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. சிங்க்கில் தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி அந்த மஞ்சள் கறை. காலையில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன், அப்புறம் சாம்பல் நிறக் கம்பி நாரால் தேய்த்தேன், விரல் நோகிற வரைக்கும் தேய்த்தேன். ஒன்பது நாள் அதே இடத்தில் ஊற்றினால் எப்படிப் போகும். பினாயிலுக்கு அடியில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது, வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். மூக்கும் நாக்கும் இருந்து என்ன, புத்தி இல்லையே. உள்ளறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கிறேன். இல்லை. விரல்களை மட்டும் போர்வைமேல் தட்டிக்கொண்டிருப்பாள். முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவள், யோசனை வந்தால் விரல் தானாகத் தட்டும், என்ன டைப் அடிக்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

குழாய் எதற்கு என்றால், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகிற வழியை ஒரு கட்டி அடைத்துவிட்டது. முதலில் கண் மஞ்சளானது, பிறகு நகம், பிறகு அவள் தலையணை உறைகூட. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் விலா வழியாகக் குழாய் விட்டு அடைபட்ட பித்தத்தை வெளியே இறக்கினார்கள். உடம்பு தேறட்டும், தேறினால் கட்டியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ஜெபசீலி. சின்ன வயதுப் பெண், பேசும்போதே ஒரு தாளில் படம் போடுகிற பழக்கம். “சார், பைக்கு வர்றது கழிவுன்னு நெனச்சுக் கொட்டிடாதீங்க,” என்றார். “பித்தம் குடலுக்குள்ள போயாகணும். கொழுப்பு செரிக்கிறதுக்கு மட்டும் இல்ல. குடலோட கடைசியில அதை உறிஞ்சி ரத்தம் வழியா மறுபடி கல்லீரலுக்கே அனுப்பும். அது திரும்பி வர்றதை வெச்சுத்தான் கல்லீரல் அடுத்தத நல்லபடியா விடும். வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு, அதுவும் குடல்ல பித்தம் வந்துச்சா இல்லையான்னு பாத்துத்தான் தன்னோட நீர எப்ப, எவ்வளவு விடணும்னு வெச்சிருக்கு. பித்தமே வரலைன்னா எல்லாம் தடுமாறிப்போகும். அதனால பையில விழறது அத்தனையும் வாய் வழியா உள்ள போகணும், வேளைக்கு இருநூறு, மூணு வேளை.” தாளில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார், கல்லீரலிலிருந்து குடலுக்கு ஒரு அம்பு, குடலிலிருந்து கல்லீரலுக்கு ஒரு அம்பு. முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு விடுவோம் என்றும் சொன்னார். சுலோசனா தலையை ஆட்டினாள். “மூக்குலயெல்லாம் வேண்டாங்க டாக்டர். என்னோடதுதானுங்களே, எனக்கென்ன அருவருப்பு? குடிச்சுக்கறேனுங்க.” அப்படித்தான் சொன்னாள், கடையில் காப்பிக்குச் சொல்கிற மாதிரி. அவள் குடித்துவிடுவதாகச் சொன்னாள். அவள் ஒருநாளும் முடியாது என்று சொல்லவில்லை. அதை மறக்கக் கூடாது திருமூர்த்தி, அவள் முடியாது என்று சொல்லவே இல்லை.

முதல் நாள் முழுசாகத்தான் கொடுத்தேன். வார்டு நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கறுப்புத் திராட்சைச் சாறு கொஞ்சம் விட்டு, நன்றாகக் குளிரவைத்து, வெளியே நிறம் தெரியாத எவர்சில்வர் டம்ளரில். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்தபோது அவள் முகம் இருந்ததே. கழுத்து நரம்பு இரண்டும் புடைத்து, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நின்று, உடம்பு முழுக்க ஒரு உதறல் ஓடிற்று. வாந்தி எடுக்கவில்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மூச்சு வாங்கிவிட்டுச் சிரித்தாள்கூட, “வேப்பெண்ணெய் எவ்வளவோ தேவலாங்க” என்றாள். மத்தியானம் மறுபடி அதே முகம், சாயந்தரம் மறுபடி. மூன்றாவது தரம் என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம், எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, எனக்குப் பார்க்க வேறு முகமும் கிடையாது. அது அப்படிக் கோணுவதற்கு நானே டம்ளரைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும், அதுவும் நாளுக்கு மூன்று தரம். டம்ளரைக் கழுவ வந்தபோது அடியில் ஒரு சொட்டு நின்றது. கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். தொழில் புத்தி. முன் நாக்கில் ஒன்றுமில்லை, நடுவில் கொஞ்சம் உப்பு, அடி நாக்குக்குப் போனதும் ஏறியது பாருங்கள், ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. துப்பினேன். வாய் கொப்பளித்தேன். ஒரு மணி நேரம் இருந்தது அந்தக் கசப்பு. ஒரு சொட்டுக்கே இப்படி என்றால் இருநூறு மில்லிக்கு எப்படி இருந்திருக்கும் என்று சமையலறையில் நின்று அழுதேன். அழுததோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லையே. மறுநாள் காலையில் இந்த மேடையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கினேன், வேலையில் இருந்தபோது அடுக்குகிற மாதிரி, ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல். எலுமிச்சைச் சாறு விட்டேன், பட்டதும் திரிந்து கலங்கிவிட்டது. மோர் சரிப்படவில்லை. மாதுளை நின்றது. மாதுளையோடு இரண்டு சொட்டு இஞ்சிச் சாறு, கல் உப்பு ஒரு துளி. உறிஞ்சுவேன், துப்புவேன், எழுதுவேன். பாதிக்குப் பாதி, தேறவில்லை. ஒன்றுக்கு இரண்டு, பின்னாலிருந்து கசப்பு எட்டிப் பார்க்கிறது. ஒன்றுக்கு மூன்று வைத்தேன், கசப்பு போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. பித்தம் ஐம்பது, மாதுளை நூற்றைம்பது. மிச்சம்? மிச்சத்தையும் கலந்தால் எண்ணூறு மில்லி ஆகிவிடும், ஒரு வேளைக்கு அவளால் அவ்வளவு குடிக்க முடியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் உள்ளே போனாலே போதாதா, மருந்து மாதிரிதானே, கொஞ்சமாக இருந்தாலும் வேலை செய்யும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். வேளைக்கு நூற்றைம்பது மில்லி இப்படிப் போயிற்று. டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு சுலோசனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. “இன்னைக்குப் பரவால்லீங்க,” என்றாள். நாலாம் நாள், “இன்னைக்கு நெம்ப நல்லாருக்குங்க,” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு வந்து பாட்டு முணுமுணுத்தேன், என் சாமி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மிச்சத்தை ஊற்றினேன்.

ஏன் அவ்வளவு சந்தோஷம் என்றால் அது பழைய கதை. கல்யாணமான மறுநாள் காலையில் அவள் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். வாங்கினேன், பழக்க தோஷம், சர்ரென்று உறிஞ்சி வாயில் உருட்டி வாஷ்பேசினில் துப்பிவிட்டு, லிக்கர் சரியில்லை, இறங்கின சாற்றில் உயிரே இல்லை என்றேன். நாலு நாள் பேசவில்லை. அஞ்சாம் நாள் தனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடித்தாள், அன்றிலிருந்து இந்த வீட்டில் டீ கிடையாது. அவள் இன்ஸ்டிடியூட் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள், “எங்கூட்டுக்காரருக்குத் துப்பறதுதான் உத்தியோகம்.” சொன்னால் சொல்லட்டும் என்றிருப்பேன். ஆனால் ஒருநாளாவது இவர் நாக்கு நாக்குதான் என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை உள்ளே கிடந்தது போல. அந்த ஆசைக்குத்தான் கொட்டினேனா? இல்லை, அவள் முகத்துக்காகத்தான். முகத்துக்காக மட்டுமா? அந்த மாதுளைக் கலவை சரியாக அமைந்த அன்றைக்கு எனக்கு வந்த பெருமை என்ன பெருமை? டேஸ்டர் என்பவன் கிண்ணத்தில் சர்க்கரை போட மாட்டான், பால் விட மாட்டான், உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவன் வேலை, புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது அது. என் வீட்டுக் கிண்ணத்துக்கு மட்டும் அதை மறந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. பைக்கு வருவது நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. என் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? முதல் நாள் கடும் பொன் நிறம், உள்ளே ஒரு பச்சை ஓடும். நாலாம் நாள் இளகியது. ஏழாம் நாள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரிந்தது. அளவும் குறைந்தது. அவள் கண்ணில் மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்த நேரம், ஆகவே நல்லதுதான், விஷம் வடிந்து தெளிந்து வருகிறது என்று நினைத்தேன், அவளிடமும் சொன்னேன், பாரு அம்மிணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு. புது இலை போடாமல் ஒரே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டால் டீ எப்படி ஆகும் என்று உலகத்துக்கே சொன்ன மனுஷன். டாக்டர் வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு அம்பு போகும், ஒரு அம்பு திரும்பும். திரும்புகிற அம்பை நான் சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தக் கல்லீரல் என்னவென்று நினைத்திருக்கும்? விட்டது திரும்பவில்லை, விட்டது திரும்பவில்லை. கணையம் என்று ஒன்று, அதை நான் பார்த்ததில்லை, எங்கே இருக்கிறது என்றுகூட அன்றைக்குத்தான் தெரியும், அது குடல் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கும், வருகிறதா வருகிறதா என்று. அவள் சாப்பிட்ட சோறு, நான் பிசைந்து கொடுத்த பருப்பும் நெய்யும், ஒன்றும் ஒட்டாமல் போயிருக்கிறது. மூன்று கிலோ. ஒன்பது நாளில் மூன்று கிலோ என்று நேற்று எடை மிஷின் சொன்னது.

நேற்று. நேற்றைத் தாண்டித்தான் இந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போக வேண்டும், தாண்ட முடியவில்லை. டாக்டர் ஜெபசீலி நான் எழுதி வைத்திருந்த தாளைப் புரட்டினார். “அளவு கொறஞ்சுட்டே வருது. நீர்த்தும் போயிருக்கு. எடையும் எறங்கிடுச்சு.” பேனாவை மூடினார். “முழுசும் திரும்பக் குடுக்கறீங்கதானே சார்?” ஒரு வினாடி இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் நிறைய நேரம் இருந்த மாதிரி இருக்கிறது, உண்மையைச் சொல்லி முடித்துத் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நேரம். “ஆமாங்க டாக்டர், ஒரு சொட்டு விடறதில்ல,” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோசனா என் கைமேல் கை வைத்தாள். “அதுல அவரு கறாருங்க டாக்டர். மணி அடிச்சாப்பல டம்ளரோட வந்து நிப்பாருங்க.” அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்து ஓடியிருக்க வேண்டும். டாக்டர் தாளை மடித்து வைத்தார். “அப்படின்னா உடம்பு ஏத்துக்கலைன்னுதான் வெச்சுக்கணும். திங்கக்கிழமை இன்னொரு தடவ பாப்போம். இப்படியே இருந்தா ஆபரேஷன் தாங்காதும்மா. விட்டுடறதுதான் நல்லது.” விட்டுவிடுவது. மலை ஏறும்போது காரில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், பாரமே இல்லை, ஒரு துண்டு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த வளைவில், அடுத்த வளைவில். காட்டேரி பூங்காவைத் தாண்டினதும் கண் விழித்து, “அந்தம்மா சும்மா பயமுறுத்துதுங்க. எனக்கென்னமோ உள்ளுக்குள்ள தேவலாம்னுதான் தோணுது,” என்றாள். சொல்லவில்லை.

இப்போது ஒரு திட்டம் வைத்திருக்கிறேன், கோழைத் திட்டம். இன்றைக்கு வியாழன். இன்றிலிருந்து முழுசாகக் கொடுத்துவிடுவது, யாருக்கும் எதுவும் சொல்லாமல். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, நாலு நாள். நாலு நாளில் அந்த வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கிவிடாதா? மூன்று கிலோவில் ஒரு கிலோவாவது திரும்பாதா? திரும்பாவிட்டால்? திரும்பாவிட்டால் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள், ஏற்றுக்கொள்வதற்கு அவள் உடம்புக்கு நான் அதைக் கொடுக்கவே இல்லை என்பது என் ஒருவனுக்கு மட்டும் தெரியும். டாக்டரிடம் சொன்னால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் சுலோசனாவுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? பார்த்தாயா, இப்போதும் முகம்தான், அவள் முகம் என்னைப் பார்த்து எப்படி ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிசாக இருக்கிறது, அவள் உயிர் எங்கேயோ பின்னால் நிற்கிறது. சீ. ஃபேக்டரியில் பதினொரு மணிச் சங்கு ஊதுகிறது. டம்ளரில் ஊற்றுகிறேன். மாதுளை இரண்டு கரண்டி மட்டும், அதற்குமேல் விட மனசு வரவில்லை. கரண்டி நுனியில் எடுத்து நாக்குக்குக் கொண்டுபோனேன். வேண்டாம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் போர்வைமேல் தட்டிக்கொண்டிருக்கின்றன. என்னைப் பார்த்ததும், “வந்துட்டாரு என்ர டேஸ்டரு,” என்று கை நீட்டினாள். மூக்கைப் பிடிக்கவில்லை, இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. ஒரு மடக்கு குடித்தாள். நிறுத்தினாள். டம்ளருக்குள்ளே பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அந்தக் கோணல் முகத்தை. அது வரவில்லை. வேறு ஒரு முகம் வந்தது, இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் பார்க்காதது.

“ஏனுங்க, கசக்குதுங்க.”

“ம்.”

“மொத நாள் மாதிரியே கசக்குதுங்க.” குரல் சின்னதாகப் போய்விட்டது. “நாளாக நாளாகக் கொறஞ்சுட்டே வந்துச்சுங்களே. உள்ள இருக்கற நோவு கொறையக் கொறையத்தான் பித்தமும் கசப்பு கொறையுதுன்னு நெனச்சுட்டிருந்தேன். உங்ககிட்டக்கூடச் சொல்லல, சொன்னா கண்ணு பட்டுப்போயிரும்னு. அந்த டாக்டரம்மா என்ன வேணா சொல்லட்டும், எனக்குத் தெரியும்னு இருந்தேனுங்க.” டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். “மறுக்காவும் வந்துருச்சுங்களா?”

நான் எதைக் கலந்து கொடுத்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாதுளை இல்லை. ஒன்பது நாள், மூன்று வேளை, நான் அவளுக்குப் பிழைத்துவிடுவாய் என்று ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அவளும் நம்பிக் குடித்திருக்கிறாள். காரில் உள்ளுக்குள்ளே தேவலாம் என்று சொன்னது இதை வைத்துத்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். கிண்ணங்களைச் சொன்னேன், ஐம்பதைச் சொன்னேன், சிங்க்கைச் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானாகத்தான், “உன் மூஞ்சியப் பாக்க முடியல அம்மிணி,” என்றேன். போர்வைமேல் விரல்கள் நின்றுபோயிருந்தன. வெளியே தேயிலை லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

“நான் குடிச்சிருப்பேனுங்களே,” என்றாள்.

“தெரியும்.”

“அவ்வளவும் குடிச்சிருப்பேனுங்க.”

அழவில்லை அவள். திட்டினால் தேவலாம் என்று இருந்தது, நாலு நாள் பேசாமல் இருந்தால்கூடத் தேவலாம், நாலு நாள் எங்களுக்கு இருந்தால். டம்ளரை மடியிலிருந்து எடுத்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“டாக்டரம்மாளுக்குப் போன் போடுங்க. இப்பவே. நெசத்தச் சொல்லுங்க.” போனை எடுத்தேன். “அப்படி ஜன்னல் பக்கமாத் திரும்பி நின்னு பேசுங்க.”

“எதுக்கு?”

“நான் குடிக்கறத நீங்க பாக்க வேண்டாங்க.”

திரும்பி நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம். காதில் மணி போய்க்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு மடக்கு இறங்கும் சத்தம், இன்னொன்று, இன்னொன்று. நாலாவதில் நின்று மூச்சு வாங்கினாள். கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது, அந்த உதறலாக இருக்கும். ஐந்து. ஆறு. எட்டாவதற்கு அப்புறம் டம்ளரை மேசையில் வைத்தாள்.

“ஆச்சுங்க,” என்றாள். “திரும்பிக்கலாம்.”

காதில் டாக்டர் ஜெபசீலி ஹலோ என்றார். நான் திரும்பவில்லை.